கடல்புரத்தில்: கிள்ளை வகுப்பறையில் ஒரு நாவல்

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977-இல் வெளிவந்த சிறிய நாவல். மணப்பாட்டுக் கடற்கரையில் நடக்கிற கதை. கடலூர் மாவட்டத்தின் கிள்ளை, முடசல் ஓடை, பிச்சாவரம், பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு முழு நாவலை வாசித்து முடிக்க நினைக்கும் ஆசிரியருக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இந்தப் புத்தகத்தைத்தான். சி.முட்லூர் அரசுக் கலைக் கல்லூரி போன்ற இடங்களில் முதலாண்டு மாணவர்களுக்கும் இந்த அத்தியாயம் அப்படியே பயன்படும்.

இளையோர் நாவலுக்கென்று ஒரு தனி அலமாரி நம்மிடம் இன்னும் சரியாக அமையவில்லை. அமெரிக்காவில் எஸ்.இ. ஹின்டன் என்ற பெண் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967-இல் அச்சானது. இன்றுவரை அங்கே பள்ளிகளில் வாசிக்கிறார்கள். நம் பிள்ளைகள் கடலூரில் ஆசிரியப் பணி செய்த இரா. நடராசனின் ‘ஆயிஷா’வை வாசித்துக் கண் கலங்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு நேரே பெரியவர்களின் நாவலுக்குத்தான் தாவ வேண்டியிருக்கிறது. அந்தத் தாவலுக்குக் கை கொடுக்க ‘கடல்புரத்தில்’ ஏற்றது. அளவில் சிறியது, பேச்சு நிறைந்தது, நடுவில் நிற்பவள் ஓர் இளம்பெண். கிள்ளைப் பிள்ளைக்கு வலையையும் படகையும் பற்றி யாரும் அடிக்குறிப்பு போட வேண்டியதில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குருசு மிக்கேல் பாய்மர வல்லத்தில் கடலுக்குப் போகிறவர். மனைவி மரியம்மை. மகன் செபஸ்தி படித்து ஆசிரியர் வேலைக்குப் போனவன். வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லி அப்பனை நெருக்குகிறான். மகள் பிலோமி, சாமிதாஸை விரும்புகிறாள். ஊரில் இயந்திரப் படகான லாஞ்சி வந்துவிட்டது. வல்லக்காரர்களுக்கும் லாஞ்சிக்காரர்களுக்கும் பகை முற்றுகிறது. மரியம்மை எதிர்பாராமல் இறந்துபோகிறாள். சாமிதாஸுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆகிறது. வல்லமும் வீடும் கைமாறுகின்றன. குருசு மிக்கேலின் மனம் பேதலித்துப்போகிறது. பிலோமி இத்தனையையும் பார்க்கிறாள், அழுகிறாள், இருக்கிறாள். யாரையும் வெறுக்காமல் இருக்கிறாள்.

இவ்வளவுதான். பந்தயம் இல்லை, பதக்கம் இல்லை, கடைசிப் பக்கத்தில் வேலை நியமன ஆணை இல்லை. மீண்டெழுதலைப் பற்றிப் பிள்ளைகளோடு பேச இந்தக் கதையை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமே அதுதான். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் பள்ளி மேடைகளில் சொல்லும் கதைகளில் விழுந்தவர் எல்லாரும் எழுந்து ஜெயித்துவிடுகிறார்கள். ஜெயிக்காத அப்பாவையும், கடன் அடையாத வீட்டையும் விட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் கதைகள் என்ன சொல்கின்றன? உன் வீட்டார் போதுமான அளவு முயலவில்லை என்று சொல்கின்றன. பிலோமியின் கதை அப்படிச் சொல்வதில்லை.

பிலோமியின் பக்கத்தில் யார் இருந்தார்கள்

இந்த நாவலை நடத்தும்போது ஆசிரியர் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். மற்றக் கேள்விகளெல்லாம் இதிலிருந்து வரும். ஏன் இந்தக் கேள்வி என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கௌவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, பெற்றோரின் மனநோய், ஓயாத சண்டை என்று பல இடர்கள் ஒன்றுசேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, அவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அன்பும் திறமையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்திருந்தார்கள். எது அவர்களைக் காப்பாற்றியது என்று தேடியதில் திரும்பத் திரும்பக் கிடைத்த விடைகளில் ஒன்று, அக்கறையுள்ள ஒரு பெரியவர். பாட்டியோ, அத்தையோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஒரு வாத்தியாரோ.

அதை மனத்தில் வைத்துக்கொண்டு நாவலைத் திரும்பப் படியுங்கள். பிலோமிக்கு ரஞ்சி என்ற சிநேகிதி இருக்கிறாள். அம்மாவின் சிநேகிதராக இருந்து, ஊர் வாயில் விழுந்த வாத்தி இருக்கிறார். அம்மா போன பிறகு அந்த மனிதரின் நட்பு பிலோமிக்குத் துணையாகிறது. பிலோமி இரும்பு மனசுக்காரி என்று வண்ணநிலவன் எங்கும் காட்டவில்லை. அவளைச் சுற்றிச் சிலர் இருந்தார்கள். அவளும் சிலருக்கு இருந்தாள். ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக் கண்டதை இந்த நாவலாசிரியர் கதையாகவே கண்டிருக்கிறார்.

ஆகவே கரும்பலகையில் ‘பிலோமியின் நற்பண்புகள்’ என்று தலைப்புப் போட்டுப் பட்டியல் எழுதாதீர்கள். ஒரு வட்டம் வரைந்து நடுவில் அவள் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு வாரமும் வாசித்த பகுதியில் அவள் பக்கம் வந்தவர், அவளை விட்டுப் போனவர், பக்கத்தில் இருந்தும் உதவாதவர் என்று பிள்ளைகளே பெயர்களை எழுதட்டும், இடம் மாற்றட்டும். செபஸ்தியை எங்கே வைப்பது என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும்.

உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள்

கிள்ளை வகுப்பறை ஒரே மாதிரியான வகுப்பறை அன்று. கடல் தொழில் செய்யும் பட்டினவர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். உப்பங்கழியில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் பலர் தங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். வயல் வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள், சிதம்பரம் கடைத்தெருவில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள், தைக்கால் தெரு முஸ்லிம் பிள்ளைகள் என்று எல்லாரும் ஒரே பெஞ்சில். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது தர்காவின் மரியாதை நடக்கிற ஊர் இது. மணப்பாட்டுக் கிறிஸ்தவக் கதை இங்கே அந்நியமாகப் படாது. கோயில் மணியும் குருசும் பிள்ளைகளுக்குத் தடையாக இருக்குமோ என்று கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று. 2004 டிசம்பர் 26 சுனாமி. கடலூர் மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கிள்ளைக்கு எதிரே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊர் அழிந்தே போனது. இன்று உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அந்த நாளை அவர்கள் பார்க்கவில்லை. ஆனால் சுவரில் மாலை போட்ட படமாக, அம்மா கடற்கரைப் பக்கமே போகாத காரணமாக, தனக்கு வைத்த பெயராக அது சில வீடுகளில் இருக்கிறது. அண்ணனோ அக்காவோ இருந்தார்கள் என்று கேள்விப்பட்டு வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. 2011 கடைசியில் வந்த தானே புயலையும் இவர்கள் கேள்விப்பட்டுத்தான் அறிந்திருப்பார்கள். 2015 வெள்ளம் இவர்களின் சொந்த நினைவில் கொஞ்சமாவது இருக்கலாம்.

நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று: ‘உங்கள் வீட்டில் யாரையாவது சுனாமியில் இழந்தீர்களா, எழுதுங்கள்’ என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்காதீர்கள். நல்ல நோக்கத்தோடுகூடக் கேட்காதீர்கள். வகுப்பறை ஒரு பொது இடம். அங்கே ஒரு பிள்ளை தன் வீட்டுத் துக்கத்தை மதிப்பெண்ணுக்காக எடுத்து வைப்பது தகாது. நாவல் இருப்பதே அதற்குத்தான்; பிலோமியின் துக்கத்தைப் பற்றிப் பேசும்போது பிள்ளை தன் துக்கத்தை அருகில் வைத்துக்கொள்ளலாம், காட்ட வேண்டியதில்லை. தானாகச் சொல்ல வருகிற பிள்ளையைத் தடுக்காதீர்கள். வகுப்பு முடிந்த பிறகு, வராந்தாவில், நிதானமாகக் கேளுங்கள்.

எப்போது தொடங்குவது, எப்படி வாசிப்பது

ஜூலை முதல் வாரத்தில் தொடங்கிக் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிடுங்கள். அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. கிள்ளைப் பக்கம் எத்தனை நாள் பள்ளி நடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பாதியில் நின்ற நாவலைப் பொங்கலுக்குப் பிறகு எடுத்தால் பிள்ளைகள் பெயர்களைக்கூட மறந்திருப்பார்கள். ஜூனில் தொடங்குவதும் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு வீடுகளில் கையில் காசு இல்லாமல் கழிந்த 61 நாட்களுக்குப் பிறகு சேர்க்கை, புத்தகப்பை, சீருடை என்று அலைகிற நேரம் அது.

வாரத்துக்கு இரண்டு பாடவேளை போதும். நூலகப் பாடவேளையை ஒன்றாகக் கணக்கில் கொள்ளலாம். பெரும்பாலான பள்ளிகளில் அது கால அட்டவணையில் மட்டும்தான் இருக்கிறது. பாடத்திட்டத்துக்கு வெளியே நேரம் எங்கே என்று தலைமை ஆசிரியர் கேட்டால், கடிதம், நேர்காணல், கருத்துரை என்று தேர்வில் வரும் மொழிப் பயிற்சிகள் அத்தனையையும் இந்த நாவலை வைத்தே செய்யப்போவதாகச் சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது பிரதி கிடைக்காது. எட்டுப் பேருக்கு ஒரு பிரதி இருந்தால் நடத்திவிடலாம், ஏனென்றால் பெரும்பகுதியை நீங்கள் வாய்விட்டு வாசிக்கப்போகிறீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைகளை வரிசையாக எழுப்பி ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்வது நம் பழைய வழக்கம். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை எல்லார் முன்னாலும் நின்று திணறும்போது கதை செத்துப்போகும், அந்தப் பிள்ளையின் மனமும் சுருங்கிப்போகும். நீங்கள் வாசியுங்கள். அந்த வட்டார வழக்கு உங்கள் நாக்குக்குப் பழகும் வரை முந்தின இரவு வீட்டில் வாசித்துப் பாருங்கள். உரையாடல் வரும் இடங்களில் விருப்பப்பட்ட பிள்ளைகளைக் குருசு மிக்கேலாகவும் செபஸ்தியாகவும் வாசிக்கச் சொல்லுங்கள். கடற்கரைப் பிள்ளைகள் அந்தப் பேச்சைத் தங்கள் பேச்சோடு ஒட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள், திருத்துவார்கள். ‘எங்க ஊர்ல இப்படிச் சொல்ல மாட்டாங்க டீச்சர்’ என்று ஒரு பையன் எழுந்து சொன்னால் அன்றைய பாடம் வெற்றி. காற்று, நீரோட்டம், படகின் உறுப்புகள் பற்றிய சொற்களை அந்தப் பையனே பலகையில் எழுதட்டும், நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள்.

லாஞ்சியும் சுருக்குமடியும்

நாவலின் நெருப்பான பகுதி இது. இந்தோ-நார்வே திட்டம் 1953-இல் கேரளத்து நீண்டகரையில் தொடங்கியதிலிருந்து இயந்திரப் படகுகள் மெல்ல மெல்ல இரு கரைகளிலும் பரவின. பாய்மர வல்லம் வைத்திருந்தவன் தன் கண்ணெதிரே மீன் குறைவதைப் பார்த்தான். லாஞ்சி வைத்திருந்தவன் கடன் கட்ட ஓடினான். இருவரும் ஒரே கோயிலில் முழங்காலிட்டவர்கள். வண்ணநிலவன் ஒருவரையும் அரக்கனாக்கவில்லை.

கடலூர் மாவட்டத்தில் இதே சண்டை வேறு பெயரில் நடந்துகொண்டிருக்கிறது. மீன் கூட்டத்தை மொத்தமாக வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையைத் தமிழக அரசு 2000-ஆம் ஆண்டில் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், நிபந்தனைகளோடு அனுமதி அளித்தது. சுருக்குமடி வைத்திருக்கும் ஊர், வைத்திராத ஊர் என்று கரையோரம் பிரிந்து கிடக்கிறது. உங்கள் வகுப்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கக்கூடும்.

அதனால் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிடலாமா? கூடாது. பிள்ளைகள் தாங்கள் உள்ளபடி வாழ்கிற ஒன்றைப் புத்தகத்தில் முதன்முதலாகப் பார்க்கும் இடம் இது. ஆனால் விவாதத்தை மணப்பாட்டிலேயே நிறுத்துங்கள். ‘சுருக்குமடி சரியா தப்பா’ என்று பட்டிமன்றம் வைக்காதீர்கள். மாலையில் அது வகுப்பறையை விட்டு வெளியே போய்விடும். மாறாக, கட்சி மாற்றிப் பேசச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் மனம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்து ஆளின் இடத்தில் நின்று, அவர் வீட்டுச் செலவு, கடன், பயம் எல்லாவற்றையும் யோசித்து ஒரு பக்கம் எழுத வேண்டும். லாஞ்சிக்காரரின் மனைவி தன் தங்கைக்கு எழுதும் கடிதம், வல்லக்காரரின் மகன் மீன்துறை அதிகாரிக்கு எழுதும் விண்ணப்பம் என்று வடிவத்தையும் கொடுத்துவிடுங்கள். விண்ணப்பம் தேர்விலும் வரும்.

செபஸ்தியின் கட்சியையும் இங்கே பேசியாக வேண்டும். படித்தவன் கடலை விட்டுப் போக வேண்டுமா? அப்பனையும் இழுத்துக்கொண்டு போக வேண்டுமா? சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் அனுப்பிய மாவட்டத்தில் பதினாறு வயதுப் பையனுக்கு இது கதைக் கேள்வி அன்று. அடுத்த வருஷத்துக் கேள்வி. நீங்கள் விடை சொல்லாதீர்கள். ‘படிச்சு முன்னேறணும்’ என்று பழக்கத்தில் வாயில் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். செபஸ்தி கெட்டவனும் இல்லை, குருசு மிக்கேல் வெறும் பிடிவாதக்காரரும் இல்லை என்று பிள்ளைகள் தாமாகவே வந்து சேர நேரம் கொடுங்கள்.

மரியம்மை இறக்கும் பகுதி

அந்தப் பகுதியை வாசிக்கும் நாளை நீங்கள் தீர்மானியுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வேண்டாம். துக்கத்தோடு இரண்டு நாள் தனியாக விட்டுவிடுவீர்கள். வாரத்தின் நடுவில், அதற்குப் பின் ஒரு பாடவேளையாவது கைவசம் இருக்கும் நாளாகப் பாருங்கள். அம்மாவோ அப்பாவோ அண்மையில் தவறிப்போன பிள்ளை வகுப்பில் இருந்தால் முந்தின நாளே தனியாகக் கூப்பிட்டு, ‘நாளைக்கு இந்த மாதிரி ஒரு பகுதி வருதும்மா, நூலகத்துல இருக்கணும்னா இருந்துக்கோ’ என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அந்தப் பிள்ளை வகுப்பிலேயே உட்காரும். சொல்லி வைத்ததுதான் முக்கியம்.

வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். ஆசிரியருக்கு வகுப்பில் சும்மா இருப்பது கடினமான வேலை. கருத்துச் சொல்லிவிட நாக்கு துடிக்கும். பிள்ளைகளில் யாராவது முதலில் பேசட்டும். யாரும் பேசாவிட்டால், சாவு வீட்டில் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று மட்டும் அடுத்த வகுப்பில் கேளுங்கள். காபி போட்டவர், ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியவர், சும்மா வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் என்று நம் ஊர்ச் சாவு வீடுகளில் உள்ளவர்களையும் பிள்ளைகள் சேர்த்துச் சொல்வார்கள். துக்கத்தை ஓர் ஊர் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறது என்பது அப்போது பேச்சில் வந்துவிடும். இதைவிட நல்ல பாடம் இந்தத் தலைப்பில் எனக்குத் தெரியாது.

குருசு மிக்கேலின் மனம் கலங்கும் கடைசிப் பகுதியிலும் இதே கவனம் வேண்டும். ‘பைத்தியம்’ என்ற சொல்லைக் கேட்டு ஒரு மூலையில் சிரிப்பு எழும். அதட்ட வேண்டாம். தொழில், வீடு, மனைவி மூன்றும் போன ஒரு மனிதருக்கு என்ன ஆகிறது என்று பின்னோக்கிப் போய் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் குருசு மிக்கேலுக்குக் கிடைக்காதது இன்று கிடைக்கிறது என்பதையும் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டையும் பலகையின் ஓரத்தில் எழுதி அழிக்காமல் விட்டுவிடுங்கள். யார் குறித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

காதல்

பிலோமி, சாமிதாஸ் உறவைப் பற்றி நாவல் வெளிப்படையாகவே பேசுகிறது. பள்ளி வகுப்புக்கு நீங்கள் பகுதிகளைத் தேர்ந்து வாசிக்கலாம், அதில் தவறில்லை, கல்லூரியில் தேவையில்லை. தலைமை ஆசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் சாமிதாஸ் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிற செய்தியை மறைத்துக் கதையைச் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. காதல் முறிந்தால் உயிரை விடுவது, எதிராளியைப் பழி வாங்குவது என்று இரண்டே வழியைச் சினிமாவில் பார்த்து வளரும் பிள்ளைகள் முன்னால், தன்னை விட்டுப் போனவனைச் சபிக்காமலும் தன்னை அழித்துக்கொள்ளாமலும் நாளைக் கடத்தும் ஒரு பெண் நிற்கிறாள். பையன்களுக்கு அவள் அவசியம் தேவை.

காட்டுக்கு முன்னால், காட்டுக்குப் பின்னால்

நாவலை முடித்த பிறகு ஒரு பாடவேளையைப் புவியியல் ஆசிரியரோடு சேர்ந்து நடத்துங்கள். கிள்ளை வரைபடத்தை எடுத்து மேசையில் விரியுங்கள். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில் பிச்சாவரம் அலையாத்திக் காடு. காட்டுக்குப் பின்னால் சில ஊர்கள். காட்டுக்கும் கடலுக்கும் இடையே, மணல்திட்டின் மேல் எம்.ஜி.ஆர். திட்டு போன்ற ஊர்கள். 2004-இல் அலை வந்தபோது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. திட்டில் இருந்தவர்களுக்கு மறைப்பே இல்லை. இதே மாவட்டத்துக் கடற்கரையை ஆராய்ந்து 2005-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கட்டுரையும் மரங்கள் இருந்த இடங்களில் அழிவு குறைந்ததைக் காட்டியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, வற்றிப்போன பகுதிகளில் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சி, 1990-களிலிருந்தே அந்தக் காட்டின் பகுதிகளை மீட்டு வந்திருந்தார்கள்.

வரைபடத்தைப் பார்த்தபடி பிள்ளைகளைக் கேளுங்கள்: காட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் திட்டில் இருந்தவர்களைவிட மனவலிமை மிக்கவர்களா? ‘இல்ல டீச்சர், அவங்க இருந்த இடம் அப்படி’ என்று உடனே பதில் வரும். அங்கிருந்து நாவலுக்குத் திரும்புங்கள். பிலோமி தாங்கினாள், அவள் அப்பா தாங்கவில்லை. அப்பா கோழையா? அவருக்கு மறைப்பாக இருந்தவை எவை, எந்த வரிசையில் போயின? திட்டில் இருந்தவர்கள் பிறகு கடலைவிட்டு உள்ளே தள்ளிக் குடியமர்த்தப்பட்டார்கள். வீடு கிடைத்தது, கடல் தூரமானது. ஊர் விட்டு வருவதில் என்ன கிடைத்தது, என்ன போனது என்று செபஸ்தியையும் குருசு மிக்கேலையும் வைத்துப் பேசலாம்.

ஓர் எச்சரிக்கை: இந்த வகுப்புக்குப் பிறகு எழுதும் கட்டுரைகளில் பாதி, ‘அலையாத்தி மரம்போல் நாமும் உறுதியாக நிற்போம்’ என்று முடியும். அப்படி முடியும் கடைசிப் பத்தியை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். மரம் எப்படி நடப்பட்டது, யார் வாய்க்கால் வெட்டினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

மதிப்பெண்ணும் பிற புத்தகங்களும்

தேர்வுக்கென்று அதிகம் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு. வாரம் ஒரு பக்கம். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள், ஆனால் திருத்திக் கொடுங்கள். எழுதச் சிரமப்படும் பிள்ளை வாயால் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். ஆண்டு முடிவில் அந்தக் குறிப்பேடு பிள்ளையோடு வீட்டுக்குப் போக வேண்டும். பள்ளி அலமாரிக்கு அல்ல.

ஆர்வம் பிடித்த பிள்ளைகளுக்கு அடுத்து என்ன கொடுப்பது? தகழியின் ‘செம்மீன்’ சுந்தர ராமசாமியின் தமிழில் இருக்கிறது. கரையில் இருக்கும் பெண்ணின் கற்புதான் கடலுக்குப் போன ஆணைக் காக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய கதை அது. பிலோமியைப் படித்துவிட்டு வரும் பெண்பிள்ளைகள் அதோடு நன்றாகவே சண்டை போடுவார்கள். ராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க்கரையில்’ உண்டு. கடலோடிக் குடும்பத்தில் உவரியில் பிறந்த ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ பெரியது, கடுமையானது. பன்னிரண்டு முடித்த பிறகு போதும். வண்ணநிலவன் கடலோடிக் குடியில் பிறந்தவர் அல்லர், திருநெல்வேலிக்காரர் என்பதையும், வெளியிலிருந்து வந்தவர் எழுதியதற்கும் உள்ளிருந்து எழுதியதற்கும் என்ன வேறுபாடு என்பதையும் மூத்த மாணவர்களோடு பேசலாம்.

இந்தப் பட்டியலில் ஒரு குறை கண்ணை உறுத்துகிறது. கழிமுகத்தில் கழுத்தளவு நீரில் நின்று, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் இறால் தடவும் கிள்ளை இருளர் பெண்ணின் கதை இவற்றில் எதிலும் இல்லை. மணப்பாட்டுக் கதையை வாசிக்கும் இருளர் வீட்டுப் பிள்ளை, வகுப்பில் மறுபடியும் அடுத்தவர் கதையைத்தான் கேட்கிறது. ஆகவே கடைசி இரண்டு வாரங்களில் பிள்ளைகளைத் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தொழிலைப் பற்றிக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். துக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம், தொழிலைப் பற்றி மட்டும்: எந்த நிலவுக்கு எந்த இறால், எந்தச் சேற்றில் நண்டு, யாரிடம் கற்றுக்கொண்டார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பக்கங்களை வகுப்பில் வாய்விட்டு வாசியுங்கள், ‘கடல்புரத்தில்’ வாசித்த அதே மரியாதையோடு. யார் பக்கத்தில் யார் இருந்தார் என்ற கேள்விக்கு அவற்றில் நிறைய விடை கிடைக்கும்.

மே மாத விடுமுறையிலேயே ஐந்து பிரதிகள் சொல்லி வையுங்கள். பள்ளி நிதியில் முடியாவிட்டால் ஊரில் கேளுங்கள். புத்தகத்துக்கென்று கேட்டால் கிள்ளையில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வகுப்புக்குப் போவதற்கு முன் நாவலை இரண்டு முறை படித்துவிடுங்கள்: ஒரு முறை உங்களுக்காக, ஒரு முறை உங்கள் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்காரும் பிள்ளையை நினைத்துக்கொண்டு.